முருகேசன் காருக்கு நம்பர் வைத்த கதை

கோமுகி ஆற்றில் முங்கி எழுந்து சொல்கிறேன், கற்பூரம் கொண்டுவந்தால் அதையும் அணைக்கிறேன்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ரிமோட்டில் ஓடும் பொம்மைக் காரின் வேகத்தைக் கம்ப்யூட்டரில் கூட்டிக் குறைக்கும் தொழிலில், காரைவிட அதன் சொந்தக்காரரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. காருக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கன்ட்ரோலர் இருக்கும். மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் விடுவது என்று அதுதான் தீர்மானிக்கும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடையில் அதை லேப்டாப்போடு ஒயரில் கோத்துத் திறந்தால், எல்லாம் நம்பர்தான். நீங்களும் இப்படி ஒரு காரை வாங்கி வீட்டில் திட்டு வாங்குகிறவரா? பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

எல்லாம் ஃபுல்லு

நைனார்பாளையத்து முருகேசன், நாற்பது வயசு, மரவள்ளி விவசாயி. கார் வாங்கிய மறுநாளே வந்துவிட்டார். நின்ற இடத்திலிருந்து கார் எப்படிப் பாயும் என்பதற்கு 'பஞ்ச்' என்று ஒரு நம்பர் உண்டு. நாலு போதும் என்றேன். ஒன்பதில் பிடிவாதமாக நின்றார். வைத்தேன்.

வாசலில் விசையை அமுக்கினார். கார் எழும்பி, எதிர் டீக்கடை பாய்லரைத் தாண்டி, சின்னசேலம் பஸ்ஸின் பின்படியில் ஏறிவிட்டது. கண்டக்டர் அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிட்டாராம். ஓடிப்போய்த் தூக்கி வந்த முருகேசன் மூச்சு வாங்கக் கேட்டார்: "பெரிப்பா, பத்து இல்லியா?"

ரெண்டு பேஸ் மூளை

பேட்டரியில் சார்ஜ் ரொம்ப இறங்கினால், அது கெட்டுப்போகாமலிருக்கக் கன்ட்ரோலர் தானே காரை நிறுத்திவிடும். அந்தக் காவலை எடுத்துவிடச் சொன்னார் முருகேசன். "மூணு பேஸ் கெணத்து மோட்டாரையே கண்டென்சர் போட்டு ரெண்டு பேஸ்ல ஓட்டிக்கினு இருக்கோம். இது இன்னா பெரிய மோட்டாரு?" மாட்டேன் என்றேன். நான் டீக்குப் போன நேரத்தில் அவரே மௌஸைப் பிடித்துக் காரியத்தை முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுச் சமையலறையில் பேட்டரி பூசணிக்காய் அளவு உப்பிப் புகைந்தது. மறுநாள் அவர் மனைவி அஞ்சலை காரைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "மாமா, ஞாயித்துக்கெழம கல்வராயன் மலைக்குப் போறோம். அங்க இத நானே ஓட்டிப் பாப்பேன். ஒழுங்கா போனா வூட்ல இருக்கும். இல்லன்னா கெணத்துல இருக்கும்."

மலையில் பரீட்சை

பஞ்ச்சை மூன்றாக்கினேன். காவலைத் திரும்பப் போட்டேன். சரிவுக்கென்று, விரலை எடுத்ததும் கார் தானே பிரேக் பிடிக்கும்படி வைத்தேன். புது பேட்டரியும் மாட்டினேன். மனசு கேட்காமல் கூடவே போனேன்.

அஞ்சலை ரிமோட்டை வாங்கியதும் முருகேசன் கண்ணை மூடிக்கொண்டார். கார் பூனைபோல ஏறியது. இறக்கத்தில் அஞ்சலை விரலை எடுத்தார். பள்ளத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பின்னால் வந்த மாடும் நின்றது. முருகேசன் கண்ணைத் திறந்து கையை நீட்டினார். ரிமோட் வரவில்லை. பேட்டரி இறங்கிக் கார் தானாக நிற்கும்வரை வரவேயில்லை. காரை எடுக்க அவர் சரிவில் இறங்கியபோது அஞ்சலை என் காதருகே வந்தார்: "மாமா, எனக்குத் தனியா ஒரு காரு வேணும். அவரோடதவிட ரெண்டு நம்பர் ஜாஸ்தி வைங்க. நம்பரு அவருக்குத் தெரிய வாணாம்."

இப்போது ஞாயிறுதோறும் கார்ப் பந்தயத்தில் பெண்டாட்டியிடம் தோற்றுவிட்டு, திங்கட்கிழமை "என்னுது மட்டும் ஏன் பெரிப்பா இழுக்க மாட்டுது?" என்று வந்து நிற்கும் மனுஷனிடம், லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டு "எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்று சொல்வதே என் தொழிலாகிவிட்டதால், அவரை எங்காவது பார்த்தால் இதையெல்லாம் சொன்னது யார் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள்.