பெரட்டில் கூப்பிட்ட பெயர்

பாரை மீனின் வயிற்றைக் கீறியபோதுதான் அந்த எண்ணம் வந்தது. மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மீன் விற்க வருகிறவரிடம் அம்மா வாங்கியது. உள்ளே விரல் நீளத்தில் இன்னொரு மீன், செரிக்காமல் முழுசாக. இதையே பார்த்துக்கொண்டிருக்க ஒரு வேலை இருந்தால்!

விலங்கியல் பட்டம் வாங்கி எட்டு மாதமாகியிருந்தது. கொட்டகலையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மீனை யாரிடமாவது காட்டத் துடித்தேன். படம் எடுத்து, கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒருவர் கட்டைவிரல் போட்டார். அவ்வளவுதான். மறுநாள், கொழும்பில் இருக்கும் தோழி ஒரு விண்ணப்ப இணைப்பை அனுப்பினாள். கடல், கரையோர வேலைகளுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஓராண்டு ஃபெலோஷிப். மாதச் சம்பளம், தங்க இடம், களப் பயிற்சி. அன்று மாலையே விண்ணப்பித்தேன்.

“கடல்ல ஒனக்கு என்ன வேல? மீனு புடிக்கவா?” என்றாள் அம்மா.

“மீனு எங்க முட்ட போடுது, என்ன திங்குதுன்னு பாக்குற வேலம்மா.”

“அதுக்குச் சம்பளம் வேறயா! கொழுந்த எது திங்குதுன்னு நான் பாத்துட்டு நின்னா கங்காணி சும்மா விடுவாரா?”

நேர்முகத் தேர்வு தொலைபேசியில் நடந்தது. நாங்கள் குடியிருக்கும் லய வீட்டு வரிசைக்கு மேலே, சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டியருகே குடை பிடித்தபடி பேசினேன். முடிவைத் தபாலில் அனுப்புவோம் என்றார்கள்.

எங்கள் லயங்களுக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குப் போகும். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில், ஆபீஸ் உதவியாளர் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார். மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் எதற்கென்று முதலிலிருந்து சொல்ல வேண்டும். அதைக் காது கொடுத்துக் கேட்க அங்கே யார் இருந்தார்கள்?

நான்காவது வாரம் பொறுக்க முடியாமல் ஆபீசுக்குப் போனேன். உதவியாளர் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

“இதுவா பாரு. ஏன் புள்ள, லயம் நம்பரும் இல்ல, அப்பா பேரும் இல்ல. ஒன் பேருல இந்தத் தோட்டத்துல நாலு பேரு இருக்காங்க. மூணு நாளு பெரட்டுல கூப்பிட்டேன், ஒருத்தரும் கையத் தூக்கல.”

“எங்கம்மா இருந்தாங்களே?”

“இருந்தாங்க. ‘எம்புள்ளைக்குன்னா அவங்கப்பா பேரு இருக்குமே’ன்னுட்டு கொழுந்தெடுக்க மலைக்குப் போயிட்டாங்க.”

விண்ணப்பத்தில் என் பெயர், தோட்டம், ஊர் மட்டும் எழுதியிருந்தேன், கொழும்புப் பிள்ளைகள் எழுதுவதுபோல. லயம் என்று எழுதக் கை வரவில்லை.

தெரிவாகியிருந்தேன். பத்து நாளுக்குள் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அந்தக் கெடு முடிந்து ஒரு வாரமாகிவிட்டது. தொட்டியருகே ஏறிப்போய்க் கடிதத்தில் இருந்த எண்ணை அழைத்தேன். இடத்தைப் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டதாக ஒரு பெண் சிங்களத்தில் சொன்னார். கனிவாகத்தான் சொன்னார். அடுத்த முறை ஆறு மாதம் கழித்து. திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். போனை வைப்பதற்கு முன், வருகிற சனிக்கிழமை நீர்கொழும்புக் களப்பில், கடல்நீர் ஏறும் சேற்றில், கண்டல் மரக் கன்று நடுகிறோம், யாரும் வரலாம், சம்பளம் கிடையாது என்றார்.

அம்மாவிடம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். பெரட்டில் அவள் காதில் விழுந்த பெயர் என்னுடையதுதான் என்று எப்படிச் சொல்வது? அவள் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூடத் தெரிந்தது. 

வெள்ளிக்கிழமை இரவு தங்க இடம் கேட்டுத் தோழிக்கு எழுதியிருக்கிறேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை. பதில் வராவிட்டால், இரவு கிளம்பி விடியற்காலையில் போய்ச் சேரும் பஸ்ஸில் ஏறிவிடுவேன். வருகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் பெயர் கொடுத்தாயிற்று. கண்டல் கன்றை எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவார்கள் என்று தெரியாது. சனிக்கிழமை சேற்றில் இறங்கி, பக்கத்தில் நிற்பவரிடம் முதலில் அதைக் கேட்க வேண்டும்.