அமாவாசை மீன்

எனக்கும் எங்கள் பூனைக்கும் சர்க்கரை நோய். நான் இன்சுலின் போட்டுக்கொண்டுதான் சாப்பிட உட்காருவேன். அதற்கும் அப்படியே காலை ஏழு மணிக்குப் போட்டுவிட்டேன். அன்று அமாவாசை, வீட்டில் மீன் கிடையாது. தயிர்ச்சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்த பூனை, கொஞ்ச நேரத்தில் தள்ளாடி விழுந்தது. பதறிப்போய்த் திண்டிவனத்து மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

“மணியப் பாத்தா போட்டீங்க? பூனை சாப்ட்டப்புறம் போடணுங்க. வாயில தேனத் தடவி ஜல்தி தூக்கிக்கினு வாங்க” என்று அதட்டினார்.

பூனை பிழைத்துக்கொண்டது. கடிகாரத்துக்குப் பசிக்காது என்பது அன்றுதான் என் மண்டையில் ஏறியது.

அடுத்த அமாவாசைக்கு, விரதத்தில் துளியும் பிசகாத என் மனைவி கொல்லையில் தனி அடுப்பு மூட்டி மீன் வேகவைத்தாள். பூனை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. நான் ஊசியோடு காத்திருந்தேன்.

“படையல் சோத்துக்குக் காக்கா வந்து கத்திக்கினு இருக்குது” என்றேன்.

“உங்கப்பாதான, காத்திருப்பாரு” என்றாள்.