மேல் பலகையா, கீழ்ப் பலகையா

லெம்பி மாக்கெலாவுக்குத் தட்டிப் பார்க்காமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை. தர்பூசணியைத் தட்டுவாள், கார்க் கதவைத் தட்டுவாள், தேவாலயத்தின் புதுத் தூணைக்கூடப் பாதிரியார் பார்க்காத சமயத்தில் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். முப்பத்து நாலு வருஷம் மரக்கிடங்கில் கட்டைகளுக்குத் தரம் போட்டவள். லாரியிலிருந்து இறங்கும் மேப்பிள் கட்டையின் நெற்றியில் சுத்தியலால் ஒரு தட்டு. உள்ளே கெட்டியா சொத்தையா என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாள். ஒருமுறை ஒரு கட்டையைத் தட்டிவிட்டு, "உள்ளே அணில் தூங்குது, பார்த்து அறுங்க" என்றாளாம். அறுத்தார்கள். அணில் இருந்தது. அது எழுந்து கொட்டாவி விட்டதாகச் சொல்பவர்களும் உண்டு. நம்பச் சிரமமாக இருந்தால் கொட்டாவியை மட்டும் கழித்துக்கொள்ளலாம்.

அப்பேர்ப்பட்ட லெம்பி அந்த நவம்பரில் எதைத் தட்டுவது என்று தெரியாமல் சமையலறைக்கும் கூடத்துக்குமாக அலைந்துகொண்டிருந்தாள்.

அவள் கணவன் உர்ஹோவுக்குப் புற்று எலும்புக்குள் இறங்கிவிட்டது. இனி ஆஸ்பத்திரி வேண்டாம், என் நாற்காலியில், என் ஜன்னல் பக்கத்தில் இருந்தபடியே போய்க்கொள்கிறேன் என்று அவன் சொல்லிவிட்டான். டாக்டரும் தலையாட்டினார்.

"அப்ப ஹாஸ்பிஸ்காரங்களைக் கூப்பிட்டுக்கோங்க. நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க, வலிக்கு மருந்து பார்த்துப்பாங்க, கடைசி வரைக்கும் கூட இருப்பாங்க. நம்ம பக்கம் ரெண்டே பேர்தான். யாருன்னு திங்கட்கிழமைக்குள்ள சொல்லுங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தார்.

ஒன்று, தெற்கே நூறு மைல் தள்ளியிருந்த நகரத்துக் கம்பெனி. ஏழெட்டு மாநிலங்களில் கிளை. ஊரில் அதைப் 'பெரியது' என்பார்கள். இன்னொன்று, ஊரிலேயே பழைய பாங்க் கட்டடத்தில் மூன்று நர்சுகளை வைத்துக்கொண்டு ஓடியது. அது 'சின்னது'.

"எதையாவது ஒண்ணைச் சொல்லிடு லெம்பி. சாகறதுக்கு எதுக்குடி டெண்டர்?" என்றான் உர்ஹோ.

"நீ சும்மா இரு. ரொட்டி வாட்டுற மெஷின் வாங்கறதுக்கே நாலு கடை ஏறி இறங்கினவ நான்."

"அதுவும்தான் ரொட்டியைக் கருக்குது."

அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை. அவளுடைய அண்ணன் சூலோ இதே நோயில்தான் போனான். வலியில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப்பல் ஒன்று உடைந்தே போனது. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. உர்ஹோ அப்படிப் போகக் கூடாது. அது ஒன்றுதான் லெம்பிக்கு வேண்டியிருந்தது. அதை எந்தக் கடையில் கேட்டு வாங்குவது என்றுதான் தெரியவில்லை.

பழைய கட்டைக் கணக்குத் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதினாள். வாரத்துக்கு எத்தனை நாள் நர்ஸ் வருவார்? ஞாயிற்றுக்கிழமை வலித்தால் யார் வருவார்? பனி கொட்டி ரோடு மூடிக்கிடந்தால் மருந்து எப்படி வரும்? ஒரே முகம் வருமா, தினம் ஒரு புது முகமா? இப்படிப் பதினேழு. எழுதி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி முதல் கேள்வியைத் திருத்தினாள்.

புதன்கிழமை பெரியதிலிருந்து ப்ரென்ட் என்பவர் வந்தார். கையில் ஒரு கூடை மஃபின், கக்கத்தில் பளபளவென்று புத்தகங்கள். வாசலில் வரிசையாகச் செருப்பும் பூட்சும் கிடப்பதைப் பார்த்தும், தன் ஷூவோடு கம்பளத்தில் நடந்து வந்து உட்கார்ந்தார். லெம்பி தாளின் ஓரத்தில் ஒரு கோடு கிழித்தாள்.

பதினேழு கேள்விக்கும் அவரிடம் பதில் இருந்தது. நர்ஸ் எத்தனை நாள் வருவார் என்றால், "தேவைக்கு ஏத்த மாதிரி" என்றார்.

"யாரோட தேவைக்கு?"

"நோயாளியோட தேவைக்குத்தான் மேடம்!" என்று எல்லாப் பற்களையும் காட்டினார். பிறகு உர்ஹோ பக்கம் திரும்பி, "உங்க வலி இப்ப எவ்வளவு இருக்கு சார்? சைபர்னா ஒண்ணுமில்லை, பத்துன்னா தாங்கவே முடியலை" என்றார்.

"ரெண்டு" என்றான் உர்ஹோ.

"பிரமாதம்!" என்று ப்ரென்ட் அதைக் குறித்துக்கொண்டார்.

அவர் போனதும் லெம்பி மஃபினை விரலால் தட்டிப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கிடங்கில் சில வியாபாரிகள் கட்டையின் வெட்டு முகத்தில் அழகாகப் பெயின்ட் அடித்துக் கொண்டுவருவார்கள். அந்தக் கட்டைகளை அவள் இரண்டு தடவை தட்டுவாள். இந்த மனிதரை எங்கே தட்டுவது?

வியாழக்கிழமை நவம்பர் பதினைந்து. மான் வேட்டை திறக்கும் நாள். அன்று ஊரில் பள்ளிக்கூடம் கிடையாது, பஞ்சர் ஒட்ட ஆள் கிடையாது. பல் பிடுங்குகிறவர்கூடக் காட்டில் மரத்தின் மேல் இருப்பார். இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று லெம்பி காலை ஒன்பது மணிக்குப் போனை எடுத்தாள். அவசர நம்பருக்கு அடித்தால் யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம்.

பெரியதில் முதல் மணியிலேயே எடுத்தார்கள். தேன் போன்ற குரல். எங்கோ பனியே பார்க்காத ஊரிலிருந்து பேசியது. மாக்கெலாவுக்கு எழுத்துக் கூட்டவே நாலு நிமிஷம் பிடித்தது. "உங்க பகுதி நர்ஸ் உடனே கூப்பிடுவாங்க" என்றது. அந்த 'உடனே' வந்து சேர்ந்தபோது மணி மாலை நாலு.

சின்னதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. லெம்பி எண்ணினாள். ஒன்பதாவது மணியில், யாரோ ரகசியம் பேசுவதுபோல ஒரு பெண் குரல் கேட்டது.

"கோலீன் பேசறேன். சொல்லுங்க."

"ஏன் இப்படிக் கிசுகிசுக்கிறீங்க? யாராவது செத்துட்டாங்களா?"

"இனிமேதான். நான் மரத்து மேல இருக்கேன். கீழ ஒரு மான் நிக்குது, கொம்புல எட்டுக் கிளை. அதை விடுங்க, யாருக்கு என்ன ஆச்சு? நாப்பது நிமிஷத்துல வந்துடுவேன், வீடு எங்க?"

லெம்பிக்கு முகம் சூடாகிவிட்டது. "ஒண்ணும் ஆகலை. உங்களைச் சும்மா சோதிச்சுப் பார்த்தேன்."

மறுமுனையில் கிளை முறியும் சத்தம் கேட்டது. பிறகு, சாதாரணக் குரலில், "சரி, சோதிங்க. தப்பில்லை. மான்தான் ஓடிப்போச்சு" என்றாள் கோலீன்.

லெம்பி தாளில் எழுதினாள்: 'ஒன்பது தடவை மணி அடித்தது. வேலை நேரத்தில் வேட்டை.' எழுதியதை அடித்தாள். மறுபடி எழுதினாள். வெள்ளிக்கிழமை முழுக்க அந்தத் தாளை எடுத்து எடுத்துப் படித்தாள். பெரியதுக்கும் சின்னதுக்கும் மதிப்பெண்ணைக் கூட்டினால் ஒரு தடவை இது ஜெயித்தது, ஒரு தடவை அது ஜெயித்தது. கூடத்தில் அவள் நடந்த நடையில் கம்பளத்தில் ஒற்றையடிப் பாதையே விழுந்துவிட்டது. அதில் ஒரு மாடு போகலாம்.

"உக்காருடி. எனக்குத் தலை சுத்துது" என்றான் உர்ஹோ.

"வலிக்குதா?"

"இல்லை. பரவாயில்லை."

சனிக்கிழமை மதியம் கோலீன் ட்ரெவாரோ வந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஆரஞ்சு நிற வேட்டைக் கோட்டு, அதில் ஒரு பொத்தான் இல்லை. கையில் புத்தகமும் இல்லை, கூடையும் இல்லை. வாசலிலேயே பூட்சைக் கழற்றி வைத்தாள். ஒரு காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. காப்பி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

"ட்ரெவாரோவா? கார்ன்வால்காரங்களா நீங்க?" உர்ஹோவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாஸ்டிக்குள்ள கேரட் போடாத கூட்டம்!"

"கேரட் முயலுக்குப் போடுறது. மாவுல மடிச்ச இறைச்சி, உருளைக்கிழங்கு, ரூட்டபேகாக் கிழங்கு, வெங்காயம், அவ்வளவுதான் பாஸ்டி. எங்ககிட்ட கத்துக்கிட்டுப் போயி எங்களுக்கே பாடம் நடத்துறீங்களா?"

"எங்க ஆளுங்க கை பட்ட பிறகுதான் அதை மனுஷன் சாப்பிட முடிஞ்சுது."

லெம்பி பொறுமையில்லாமல் தாளைப் பிரித்தாள். "முதல் கேள்வி..."

"கேளுங்க, எல்லாத்துக்கும் சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. உர்ஹோ, வலி எவ்வளவு? பத்துக்கு?"

"ரெண்டு."

கோலீன் எதையும் எழுதவில்லை. காப்பியை உறிஞ்சினாள். ஜன்னல் வழியே பார்த்தாள். வீட்டுக்குப் பின்னால், பனியில் பாதி புதைந்து நின்ற சிறிய சவுனாக் குடிலின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை அந்த ஊரில் எல்லா வீட்டுப் புழக்கடையிலும் நீராவிக் குளியலுக்கு அடுப்பு எரியும்.

"சவுனா சூடாகுதே. நீங்க போறீங்களா?"

"போகாம? இவளுக்குத்தான் ரத்தக்கொதிப்பு, ஈஸ்டர்லேருந்து டாக்டர் வேண்டாம்னுட்டார். நான் தனியாப் போறேன்."

"எந்தப் பலகையில உக்காருறீங்க?"

பதில் லெம்பியிடமிருந்து வந்தது. "இதென்ன கேள்வி! நாப்பத்தாறு வருஷமா, சூடு அதிகமா அடிக்கிற மேல் பலகைதான். இவர் கல்லுமேல தண்ணி ஊத்தினா ஆவியில சுவத்து ஆணியெல்லாம் சிவந்துடும். என் தம்பி ஒரு தடவை இவரோட போட்டி போட்டு உக்காந்து, வெளிய வரும்போது புருவமே இல்லாம வந்தான்."

கோலீன் லெம்பியைப் பார்த்துச் சிரித்தாள். ஆனால் திரும்பி உர்ஹோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறெதுவும் கேட்கவில்லை. காத்திருந்தாள். அடுப்பு மேல் காப்பிக் கெண்டி முனகியது.

"கீழ்ப் பலகை" என்றான் உர்ஹோ.

"எப்பலேருந்து?"

"ஜூன்லேருந்து." சவுனாப் பக்கம் திரும்பிக்கொண்டான். "இப்ப ஒரு மாசமா அதுவும் இல்லை. உள்ள போற படியை ஏற முடியலை. துணி மாத்துற அறையில பெஞ்சுல உக்காந்திருப்பேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் தலையில தண்ணி ஊத்திக்கிட்டு, கன்னத்துல ரெண்டு அறை அறைஞ்சுக்கிட்டு வந்துடுவேன்."

"எதுக்கு?"

"சிவப்பா இருக்கணும்ல. இவ பார்ப்பா."

லெம்பி எழுந்து நின்றாள். ஒரு மாதமாகச் சனிக்கிழமைதோறும் ஈரத் தலையோடு வந்தவனுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தது அவள். "நல்ல சூடா?" என்று கேட்டது அவள். "நல்ல சூடு" என்று அவன் சொன்னதும் நிம்மதியாகத் தூங்கியதும் அவள்தான். முப்பத்து நாலு வருஷம் கட்டையைத் தட்டிச் சொத்தை கண்டுபிடித்தவள், பக்கத்தில் படுத்திருந்த மனிதனைத் தட்டாமல் விட்டுவிட்டாள்.

"பொய்க்காரா! கிழட்டுப் பொய்க்காரா!" என்றாள்.

"நீ ஏற்கெனவே ஒரு இடத்துல உக்கார மாட்டேங்கறே. இதையும் சொன்னா கூரை மேல ஏறிடுவியேன்னுதான்."

"இப்பச் சொல்லுங்க உர்ஹோ" என்றாள் கோலீன். "பத்துக்கு எவ்வளவு?"

"...எட்டு. விடியறப்ப ஒம்பது."

"அப்படிச் சொல்லுங்க. உங்க சவுனா ஜனங்ககிட்ட நம்பர் கேட்கறதே வீண். தொடை எலும்பு முறிஞ்சு கிடந்தாலும் ரெண்டும்பீங்க. எங்க வீட்டுக்காரர் உங்க ஆளுதான். குடல்வால் வெடிச்சப்ப மூணுன்னு சொன்னார்."

எழுந்து, டாக்டரை அவர் வீட்டு நம்பரிலேயே பிடித்தாள். நின்றபடியே ஐந்து நிமிஷம் பேசினாள். "மருந்துக்கடை அஞ்சு மணிக்குச் சாத்திடுவான். இப்பப் போனா வாங்கிடலாம். ஆனா நான் உங்க நர்சா இருந்தாத்தான் கொடுக்க முடியும். கேள்வியெல்லாம் வந்து பேசிக்கலாமா?"

லெம்பி தன் தாளைத் தேடினாள். அது கோலீனின் காப்பிக் கோப்பைக்கு அடியில் இருந்தது. பதினோராவது கேள்வியின் மேல் வட்டமாக ஈரம்.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

ஒன்றரை மணி நேரத்தில் கோலீன் திரும்பி வந்தாள். சின்னப் புட்டியில் மார்ஃபின், கூடவே ஒரு மாத்திரை. "மார்ஃபின் வயித்தைக் கட்டும், அதுக்கு இந்த மாத்திரை. இதை மறந்தா உர்ஹோ என்னைத்தான் திட்டுவார்." முதல் மருந்தைத் தானே கொடுத்தாள். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க அரை மணி நேரம் உட்கார்ந்தாள். அதற்குள் பதினேழு கேள்விக்கும் பதில் சொன்னாள். இரண்டுக்கு, "தெரியலை, விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள். உர்ஹோவின் தோள்கள் மெல்ல இறங்கின. அவை இத்தனை நாளும் காதுக்குப் பக்கத்தில் இருந்தன என்பது லெம்பிக்கு அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு சனிக்கிழமை கழித்து, கோலீனும் ஒரு உதவிப் பெண்ணும் இரு பக்கமும் தாங்கிக்கொள்ள, உர்ஹோ சவுனாவுக்குள் போனான். லெம்பி பனியில் நின்றபடி வெளிச்சுவரைத் தட்டினாள்.

"எங்க உக்காந்திருக்கே?"

"கீழ்ப் பலகை!"

"வலி?"

"மூணு!"

"நிஜ மூணா, கோலீன் வீட்டுக்காரர் சொன்ன மூணா?"

உள்ளே மூன்று பேரும் சிரிக்கும் சத்தம் கேட்டது. "நிஜ மூணுடி! கதவைத் திறக்காதே, குளிர் வருது!" அவள் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். அந்தக் குரல் கெட்டியாகத்தான் இருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை தட்டினாள்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமைக் காலை, ஜன்னலுக்கு வெளியே தீனித்தட்டில் குருவிகள் சண்டை போடுவதைப் பார்த்துக்கொண்டே உர்ஹோ போய்ச்சேர்ந்தான். வாசலில் கோலீனின் பூட்ஸ் கிடந்தது. அவனுடைய பற்கள் எல்லாம் முழுசாக இருந்தன. லெம்பி அதைப் பார்த்துத்தான் வைத்தாள்.

மே மாதம் தபாலில் ஒரு படிவம் வந்தது. 'நீங்கள் பெற்ற ஹாஸ்பிஸ் சேவையின் தரம் எப்படி?' ஒவ்வொரு கேள்விக்கும் நாலு கட்டம்: ஒருபோதும் இல்லை, சில சமயம், பெரும்பாலும், எப்போதும். நர்ஸ் மரியாதையாக நடந்துகொண்டாரா? வலியை வேண்டிய அளவு தணித்தார்களா? உங்கள் பேச்சைக் கவனமாகக் கேட்டார்களா? லெம்பி பேனாவோடு சமையலறையில் மூன்று சுற்றுச் சுற்றினாள். உட்கார்ந்து எல்லாவற்றிலும் 'எப்போதும்' என்று போட்டாள். அழைத்தவுடன் போனை எடுத்தார்களா என்ற இடத்தில் மட்டும் 'பெரும்பாலும்' என்று போட்டு, பக்கத்தில், 'ஒன்பது தடவை மணி அடித்தது' என்று எழுதினாள். நியாயம் நியாயம்தானே.

கடைசியில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?' என்று கேட்டு, ஆறு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள். எங்கோ தூரத்தில், சவுனாவையே பார்த்திராத யாரோ ஒருவர் அதைப் படிக்கப்போகிறார். லெம்பி ஒரே வரி எழுதினாள்.

'எந்தப் பலகையில் உட்காருகிறீர்கள் என்று கேட்டார்கள்.'

விளக்கம் எதுவும் எழுதவில்லை. உறையை ஒட்டி, மேசை மேல் வைத்து, விரல் முட்டியால் அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தபாலில் போடப் போனாள்.