மேண்டி கம்பைத் தூக்கினால்

எங்கள் தார்ன்பெக் ஊரில் மேண்டி ஹார்கிரீவ்ஸிடம் திட்டு வாங்காத வண்டிக்காரன் கிடையாது. அதிகம் வாங்கியவன் நான். காலையில் பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகும் பஸ்ஸை ஓட்டுவது நான்தான். முழங்காலுக்குக் கீழே தொங்கும் மஞ்சள் கோட்டும், உச்சியில் வட்டப் பலகை வைத்த நீளக் கம்புமாகப் பிள்ளைகளைத் தாண்டவைக்க அவள் ரோட்டில் இறங்கிவிட்டால், மேயரே வந்தாலும் நின்றாக வேண்டும். பிள்ளைகள் அந்தக் கம்பை லாலிபாப் என்பார்கள். கம்பு ரோட்டில் இருக்கும்வரை எந்த வண்டியும் நகரக்கூடாது என்பது சட்டம். மேண்டிக்கு அந்தச் சட்டம் சர்க்கரைப் பொங்கல்.

"என்ன பஸ்காரா, ராத்திரி பப்புல கொஞ்சம் ஓவரோ? நிறுத்தக் கோட்டைத் தாண்டி பஸ் மூக்கை நீட்டிட்டு நிக்கறே?" என்று ஜன்னலைத் தட்டிக் கேட்பாள். பஸ்ஸில் இருக்கும் அத்தனை பேரும் சிரிப்பார்கள். நான் பின்னால் எடுப்பேன். வேறென்ன செய்ய?

கொட்டும் மழையிலும் பனியிலும் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் பள்ளிக்கூடத்துக்குள் பத்திரமாகச் சேர்த்தவள் மேல்தான், சொந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று நகராட்சி கேஸ் போட்டது. அவள் கையில் கம்பைக் கொடுத்ததும் இதே நகராட்சிதான். கேள்விப்பட்ட அன்று எனக்கு வந்த கோபத்துக்கு, நகராட்சி ஆபீஸ் நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தாமலே போய்விட்டேன். இறங்க வேண்டியவர்கள் கத்தினார்கள்.

அவள் மகள் பெத்தனிக்கு ஒன்பது வயது. போன வருஷம்வரை அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு துள்ளிக் குதித்துப் போனவள். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் என்னவோ ஆகிவிட்டது. காலையில் சீருடையைப் பார்த்தாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வாள், வாந்தி எடுப்பாள், துணி அலமாரிக்குள் போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வாள். எதைக் கண்டு பயம் என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை. யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு இது மனப் பதற்றம், பிள்ளைகளுக்கான மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார். அந்த மருத்துவரிடம் முறை வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகுமாம். அவர் கையெழுத்து இல்லாமல் பள்ளிக்கூடம் ஒத்துக்கொள்ளாது. காரணமில்லாமல் வரவில்லை என்றே குறித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு ஆர்மிட்டேஜ் வந்தார். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குப் போய் விசாரிக்கும் நகராட்சி அதிகாரி. பளபளவென்று தேய்த்த ஷூ போட்டுக்கொண்டு மேண்டி வீட்டு சோபாவில் உட்கார்ந்து, கொடுத்த டீயையும் குடித்துவிட்டு, இந்த வயசுப் பிள்ளைகள் நன்றாக நடிக்கும், நீங்கள்தான் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மேண்டியின் புருஷன் ட்ரெவர் ஜன்னல் துடைக்கும் வேலை பார்ப்பவன். மூன்று மாடி ஏணியில் ஒற்றைக் காலில் நிற்பான், ஆனால் வாயைத் திறந்து நான்கு வார்த்தை பேசமாட்டான். அன்றைக்குப் பேசினானாம்: "அந்த டீக்கப்பைத் தனியா வை மேண்டி. இனி அதுல நாய்க்குத்தான் தண்ணி."

கோர்ட்டில் குற்றம் உறுதியானால் மேண்டியின் பேரில் தண்டனை பதிவாகும். பிறகு பிள்ளைகளோடு இருக்கும் வேலையில் அவளை வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். கம்பு போய்விடும். அவள் வெளியில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் ஒருநாள் பேக்கரியில் என்னிடம் சொன்னாள், பெத்தனி அலமாரிக்குள்ளிருந்தே கேட்டாளாம்: "என்னாலதானே அம்மா நீ ஜெயிலுக்குப் போறே?"

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"ஜெயில் வாசல்லயும் ரோடு இருக்கும்டி, அங்கயும் போய் நிறுத்துவேன்னேன். சிரிச்சா. நான்தான் பாத்ரூம்ல போய் அழுதேன்."

அதற்கு அடுத்த திங்கட்கிழமை மேண்டி புதிதாக ஒன்றை ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தை மறந்துவிடு, ரோட்டை மட்டும் தாண்டு என்று மகளிடம் சொல்லிவிட்டாள். மணி அடித்து, மற்ற பிள்ளைகள் எல்லாம் உள்ளே போன பிறகு, எதிர்ப்பக்கத்துப் பேக்கரி சுவருக்குப் பின்னாலிருந்து பெத்தனி மெல்ல வருவாள். மேண்டி கம்பை நிமிர்த்திக்கொண்டு ரோட்டு நடுவில் நிற்பாள். முதல் நாள் பிள்ளை நடைபாதை ஓரம்வரை வந்து திரும்பி ஓடிவிட்டது. சில நாள் கழித்து ஒரு காலைக் கீழே வைத்தது. அப்புறம் இரண்டு காலையும் வைத்தது. சரியாக என் பஸ் வரும் நேரம் அது. நான் நின்றேன். எனக்குப் பின்னால் ஊரே நின்றது.

ஹாரன் அடித்தார்கள், புகார் எழுதினார்கள். டிப்போவில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, தினமும் பேக்கரி பக்கத்தில் என்னதான் செய்கிறாய், பன் வாங்குகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பஸ்ஸில் வருகிறவர்களும் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு எட்டிப் பார்க்கத் தொடங்கினார்கள். இன்றைக்கு இன்னும் ஓரடி வைத்துவிட்டாள் என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள்.

நவம்பர் தூறலில் ஒரு காலை, பெத்தனி நடுரோட்டு வெள்ளைக்கோடுவரை வந்துவிட்டாள். அதற்கு மேல் கால் வரவில்லை. அம்மாவின் கோட்டு நுனியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேண்டி அவளை இழுக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. அப்போது பின்னால் நின்ற காரிலிருந்து ஒருவர் இறங்கி, குடையோடு விறுவிறுவென்று என் பஸ்ஸைக் கடந்து போனார். பார்த்தால் ஆர்மிட்டேஜ். பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்திருக்கிறார், பெத்தனி கேஸுக்கு வேண்டிய விவரம் வாங்கிக்கொண்டு போக.

என்ன கூத்து இது, எனக்கு நேரமாகிறது, கம்பை இறக்குங்கள் என்று அவர் சத்தம் போட்டார். மேண்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கார்ல போய் உக்காருங்க கண்ணு. கம்பு ரோட்டுல இருந்தா யாரும் நகரக்கூடாது. உங்க ஆபீஸ்ல சொல்லிக் குடுத்ததுதான்."

அவர் போகவில்லை. இன்னும் கிட்டே வந்தார். அப்போதுதான் கோட்டுக்குப் பின்னால் இருந்த பிள்ளையைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என்னம்மா, என்று குனிந்தார். பெத்தனி பள்ளி வாசலை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள், காலையில் சாப்பிட்ட அத்தனையையும் அவர் ஷூ மேலேயே கக்கிவிட்டாள்.

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள்.

"இதுவும் நடிப்புன்னு எழுதிக்கோங்க" என்றாள் மேண்டி.

அவர் ஒன்றும் எழுதவில்லை. குடையைப் பிள்ளையின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பெத்தனி அழுது முடித்து, வாயைத் துடைத்து, பேக்கரிப் பக்கமே திரும்பி நடக்கும்வரை நின்றார். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. ஆனால் நின்றாரே, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

விசாரணை நாளில் மேண்டி லீவு கேட்டாள். காரணம் கேட்டது நகராட்சி. நீங்கள் போட்ட கேஸுக்குத்தான் கோர்ட்டுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நானும் லீவு போட்டேன். இத்தனை நாள் என் பஸ்ஸைத் தாமதமாக்கியவளுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க எனக்கு உரிமை இல்லையா என்று மேனேஜரிடம் வாதாடினேன். ட்ரெவர் கல்யாணத்தில் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். பட்டன் போடவில்லை, இழுத்தாலும் எட்டாது.

மேஜிஸ்ட்ரேட்டுகள் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள், பெற்றோர் ஏதாவது முயற்சி எடுத்தார்களா என்று கேட்டார். ஆர்மிட்டேஜ் எழுந்தார். கையில் வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார்.

"தினமும் எடுக்கறாங்க மேடம். நானே நடுரோட்டுல நின்னு பாத்தேன். அந்தப் பொண்ணு நடிக்கல." குனிந்து தன் காலைப் பார்த்தார். "ஷூவைத்தான் இன்னும் காப்பாத்த முடியல."

நான்தான் முதலில் சிரித்தேன். அந்த அம்மாள் என்னை முறைத்துவிட்டு, அவரும் கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நகராட்சி வக்கீல் ஆர்மிட்டேஜோடு வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து கேஸைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். பெத்தனி மணி அடித்த பிறகு பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, ஒரே ஒரு டீச்சரோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று பள்ளிக்கூடத்தை ஒத்துக்கொள்ள வைத்ததும் ஆர்மிட்டேஜ்தான். கோர்ட்டு வாசலில் ட்ரெவர் அவர் கையைப் பிடித்து, வீட்டுக்கு டீ குடிக்க வாருங்கள் என்றான். எந்தக் கப்பில் என்று மேண்டி கேட்டாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. பல நாள் பெத்தனி பக்கவாட்டுக் கதவுவரை போய்த் திரும்பினாள். பல நாள் அலமாரிதான். நான் பன் வாங்கிக்கொண்டே இருந்தேன்.

ஏப்ரலில் மேண்டிக்குக் காய்ச்சல். பதிலுக்கு வந்த ஆள் மணி அடித்ததும் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் வந்தபோது பேக்கரி சுவர் ஓரம் ட்ரெவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நடைபாதை ஓரத்தில் பெத்தனி தனியாக. நான் பிரேக் போட்டேன். அவள் இறங்கினாள். வெள்ளைக்கோட்டில் வழக்கம்போல நின்றுவிட்டாள். பின்னால் எவனோ ஹாரன் அடித்தான். அவள் திரும்பி, உள்ளங்கையை நீட்டி எங்களை ஒரு பார்வை பார்த்தாள். அப்படியே அம்மாவின் மூஞ்சி. பிறகு மிச்ச ரோட்டையும் தாண்டி, பக்கவாட்டுக் கதவு பக்கம் போகாமல், பெரிய வாசல் வழியாகவே உள்ளே போனாள்.

மேண்டி வேலைக்குத் திரும்பிய அன்று ஜன்னலைத் தட்டினாள். மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"என் பொண்ணு உன்னை நிறுத்தினாளாமே. நின்னியா?"

"நின்னேன்."

"நின்னதால பொழைச்சே. இல்லேன்னா கேஸ் போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளைகள் எல்லாம் தாண்டி முடித்தும் அவள் கம்பை இறக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுரோட்டிலேயே நின்றாள். நான் ஹாரன் அடிக்கவில்லை.