மறுகாலை அடைத்தவன்

என் தாய்மாமாவின் குளக்கரை உடைந்ததற்குக் காரணம் நான். பழி விழுந்தது வேறொரு சிறுமியின் மேல். அது பொய் என்று தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் கதை எனக்குச் சாதகமாக வளைந்துவிடும்.

நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். மாமா கொழும்பில் கடை நடத்திவிட்டுத் திரும்பி, திருவட்டாற்றுப் பக்கம் விளை என்று நாங்கள் சொல்லும் தோப்பு ஒன்றும் அதன் கீழே கொஞ்சம் வயலும் வாங்கியிருந்தார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் ஏரியில் படகு விட்டு விளையாடியதைப் பார்த்ததிலிருந்து அவருக்கும் அந்த ஆசை. விளையின் நடுவே இறங்கிய ஓடையை மறித்து மண்ணால் கரை போட்டார். தேங்கிய நீரில் ஒரு சிறு வள்ளம் விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நாகர்கோவிலிலிருந்து வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் குடும்பத்தோடு வந்து துடுப்புப் போட்டார்கள். பக்கத்துப் பெரிய அணையை நினைத்து ஊரார் அதற்குக் குட்டிப் பேச்சிப்பாறை என்று பெயர் வைத்தார்கள். கேலிதான். மாமா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

விளையாட்டுக் குளம் என்றாலும் அவர் அசட்டையாகக் கட்டவில்லை. மிகுதி நீர் வழிந்து போவதற்குக் கரையின் ஓரத்தில் கல் பாவி மறுகால் விட்டிருந்தார். "குளத்துக்கு மறுகால் மூக்கு மாதிரியாக்கும். அதப் பொத்துனா குளம் செத்துப்போவும்," என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். நான் அதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று கேட்டவன்.

கரைக்குக் கீழே மாமாவின் வயலைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்துப் பயிரிட்டவர், வயலோரத்திலேயே மண்சுவர் வீட்டில் குடியிருந்தார். அவர் மகளுக்கு என் வயது. மறுகால் பாயும்போது குளத்து மீனும் சேர்ந்து கீழே விழும். அவள் அங்கே கூடை வைத்துக் காத்திருப்பாள். மறுகால் தாண்டிய மீன் பிடித்தவருக்குச் சொந்தம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். எனக்கு மட்டும் அது பொறுக்கவில்லை.

ஐப்பசி மழை தொடங்கியிருந்த ஒரு மதியம், பெரிய வரால் ஒன்று அவள் கூடையில் விழுந்தது.

"அது எங்க மாமாவுக்க மீனு. விடு, ஏட்டி!" என்று கத்தினேன்.

"ஏலே, மீனுக்க முதுகுல உங்க மாமனுக்க பேரு எழுதியிருக்கா?" அவள் வராலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காணல்லியே! வேணும்னா வள்ளத்துல ஏறி வந்து பிடி. ஓ, உன்னத் துடுப்பத் தொடவே விடமாட்டாங்க, இல்லியா?"

உண்மைதான். வள்ளம் விருந்தாளிகளுக்கு மட்டும். அதனால்தான் அந்தச் சொல் சுட்டது.

அவள் போன பிறகு விளைக்குள் சென்றேன். குலை வெட்டிய செந்துளுவன் வாழைகளின் தண்டுகள், எங்கள் பேச்சில் தடைகள், சாய்ந்து கிடந்தன. சுற்றுவட்டாரத்தில் எங்கள் விளையில் மட்டும்தான் அந்தச் சிவப்பு வாழை. அரிவாளால் தடைகளை அளவாக வெட்டி மறுகால் வாயில் அடுக்கி, இடைவெளியில் களிமண்ணைத் திணித்தேன். மாமாவின் பேச்சு நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் மாட்டுவண்டி போகும் அகலமுள்ள கரையை, மேலே வழிகிற கொஞ்சம் தண்ணீர் என்ன செய்துவிடும்? அந்தக் கொஞ்சம் தண்ணீரே கரையின் பின்புறத்தை அரித்து அரித்துப் பிளந்துவிடும் என்று பின்னாளில்தான் படித்தேன்.

மழை விடவில்லை. மறுநாள் காலை கரை நடுவில் பிளந்து கிடந்தது. கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நடவு முடிந்து வேர் பிடித்திருந்த வயல் முழுவதையும் செம்மண் மூடியிருந்தது. அவர்கள் வீட்டில் ஒரு சுவர் இல்லை. ஆட்கள் எப்படியோ பிழைத்திருந்தார்கள்.

ஊர் கூடி நின்றது. மாமா வயலில் இறங்கி நடந்தார். சேற்றில் கிடந்த சிவப்புத் தடை ஒன்றைக் காலால் புரட்டினார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு அதைச் சேற்றுக்குள் மிதித்து அமிழ்த்திவிட்டு ஊராரிடம் திரும்பினார்.

"இந்தக் குட்டி மீன் பிடிக்கதுக்கு மறுகால் கல்ல இளக்கிப் போட்டா. பின்ன கரை நிக்குமா?"

"நான் ஒரு கல்லும் எடுக்கல்ல," என்றாள் அவள்.

அவள் அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாரோ வந்து பிடித்து நிறுத்தும்வரை அவளை அடித்தார். அவள் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். மாமா அந்தப் போகத்தின் பாட்டத்தை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். அவருடைய பெரிய மனசை ஊர் பேசியது. நானும் அதை நம்பினேன்.

எங்கள் ஊரில் வட்டப்பெயர் விழுந்தால் இட்ட பெயர் போய்விடும். அன்று முதல் அவள் 'கரையுடைச்சா'. பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயர், சந்தையில் அந்தப் பெயர். கல்யாணமாகிப் போன ஊருக்கும் அது அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது.

மாமா இறந்து, நானும் கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவளைத் தேடிப் போனேன். முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த கத்தி நிற்கவில்லை.

"அரிவாளு வெட்டின தடையும் வெள்ளத்துல ஒடிஞ்ச தடையும் ஒண்ணுபோலயா இருக்கும்? நானும் கண்டேன். எங்கப்பனும் கண்டாரு. உம்ம மாமனும் கண்டாரு."

"உங்கப்பா கண்டாரா? பின்ன ஏன் உன்னை அடிச்சாரு?"

"உம்மச் சொன்னா வயலு போவும். என்ன அடிச்சா வயலு நிக்கும்." கிழங்கைத் தண்ணீரில் போட்டாள். "எனக்குத் தெரிஞ்ச காரியத்த எனக்கிட்டயே சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தீரு? தெரியாதவங்க ஊரு நிறைய இருக்காங்களே."

அதன் பிறகு மாமாவின் பேத்தி கல்யாணம் வந்தது. பந்தலில் ஊரே கூடியிருந்தபோது எழுந்து சொன்னேன். நான் அடைத்ததையும் சொன்னேன், மாமா மிதித்ததையும் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். மாமாவின் மகன் என் கையைப் பிடித்து உட்காரவைத்தான். "அத்தான், பாயசம் ஆறிப்போவும், குடிங்க," என்றான். பக்கத்து இலைக்காரரிடம் தாழ்ந்த குரலில், "வயசாச்சுல்லா," என்றான்.

சென்ற மாதம் அந்த ஊரிலிருந்து உறவுக்காரப் பையன் ஒருவன் வந்திருந்தான். பேச்சுவாக்கில், "பாட்டா, அந்தக் கரையுடைச்சா செத்துப்போனா, அறிஞ்சீங்களா?" என்றான்.

"அவளுக்குப் பேரு தங்கம்மை," என்றேன்.

அவன் சற்று யோசித்தான். "இல்ல பாட்டா, நான் சொன்னது வேற ஆளு," என்றான்.