தப்பு, கீழ வாண்ணா

சத்தியமாக நடந்தது. கதை விடுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். இதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

புல்கூட முளைக்காத உயரத்தில் ஒரு கோபுரம். காற்றையும் பனியையும் அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. உச்சி அறையில் நான். ஒரு மணி நேர நடையில் கீழே, ஜெனரேட்டர் கொட்டகையில் என் தம்பி. அந்த உயரத்தில் மூளைக்குக் காற்று பத்தாது. புத்தி பிசகும், பிசகியது நமக்கே தெரியாது. அதனால் அடிக்கடி வாக்கிடாக்கியில் ஒருவரையொருவர் சின்னக் கணக்குக் கேட்போம். ‘தப்பு’ என்று மற்றவன் சொல்லிவிட்டால் வாதாடக் கூடாது, இறங்கிவிட வேண்டும். அது ஒன்றுக்குத்தான் கோபுரத்தை விட்டு நகரலாம். சும்மா கூப்பிட்டால் போக முடியாது.

அன்று காலை தம்பியிடமிருந்து சத்தமே இல்லை. குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். தூங்குமூஞ்சி, சார்ஜ் போட்டுவிட்டுப் போர்வைக்குள் கிடப்பான் என்று வேலையைப் பார்த்தேன்.

மதியம்... கர்... கர்...

“அண்ணா, நூறுல ஏழு போனா?”

“தொண்ணூத்து மூணு. எங்கடா போய்த் தொலைஞ்ச?”

“தப்பு. கீழ வாண்ணா.”

“டேய், விளையாடாத.”

“தப்புண்ணா... வா.”

விரல் விட்டு எண்ணினேன். சரியாகத்தான் வந்தது. ஆனால் புத்தி கெட்டவனுக்கு எல்லாமே சரியாகத்தானே தெரியும்? பயம் பிடித்துக்கொண்டது. இறங்கினேன்.

ஒரே மூடுபனி. பாதி வழியில் ஒரு பெரிய பாறை. அதைத் தாண்டும்போது இடுப்பில் மறுபடி... கர்...

“குளிருதுண்ணா.”

“அடுப்பப் பத்த வைடா. இதோ வந்துட்டேன்.”

பத்தடி நடந்திருப்பேன்.

“போயிட்டியே...”

என்ன உளறுகிறான்? அவனுக்கும் புத்தி பிசகிவிட்டதா? கொட்டகையைப் பார்த்து ஓடினேன்.

கதவு திறந்து கிடந்தது. அடுப்பு ஜில்லென்று இருந்தது.

மேசையில் அவன் வாக்கிடாக்கி. பேட்டரி தனியாக, சார்ஜரில்.

கர்...

என்னுடையதை அணைத்துவிட்டேன்.

கீழே முகாமுக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்தேன். அந்தப் பாறைக்குப் பின்னால்தான் கிடந்தான், காலில் ஷூகூட இல்லாமல். மூளை வீங்கிவிட்டதாம். விடிவதற்குள்ளேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். இறங்க வேண்டியவன் திசை தெரியாமல் ஏறியிருக்கிறான். என்னிடம் வரத்தான் ஏறினான் என் பிள்ளை. நான்தானே அவனைத் தூக்கி வளர்த்தேன்.

குரல் கேட்டதைச் சொன்னேன். “அந்த உயரத்துல மூளை இப்படித்தான்ப்பா ஏமாத்தும்,” என்று தோளைத் தட்டினார். நம்பினேன். நம்புவது ஆறுதலாகக்கூட இருந்தது.

அடக்கமெல்லாம் முடிந்து, அடிவார ஆபீஸில் வாக்கிடாக்கியை ஒப்படைக்கப் போனேன். அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை. வயர்லெஸ் பார்க்கிறவர் என் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

“அன்னைக்கு நானும் கேட்டுட்டுதான் இருந்தேன். அண்ணன் தம்பி ஏதோ விளையாடுறீங்கன்னு நெனச்சேன். நீங்க ஆஃப் பண்ணினப்புறமும் அவன் பேசிட்டே இருந்தான்.”

“என்ன சொன்னான்?”

“‘திரும்பிப் பாருண்ணா’ன்னு... நீங்க வந்து அவனைத் தூக்குற வரைக்கும்.”