லைனை நிறுத்திய மெர்சி

ஆரம்பாக்கத்து மெர்சிக்கு வாழ்நாள் முழுக்க ஒரே இங்கிலீஷ் வார்த்தையோடுதான் மல்லுக்கட்டு. பிறந்தது லைன் வீட்டில். ரேஷன் கடைக்குப் போனால் லைன். காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் லைன் போய்விடும், லைன்மேன் வரும்வரை இருட்டில் கிடக்க வேண்டும். இம்மானுவேல் அவளுக்கு லைன் விட்டது ரயிலில். கட்டிக்கொண்ட பிறகு எப்போது கூப்பிட்டாலும் அவன் லைன் பிஸி. கும்மிடிப்பூண்டியில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்தாள், அங்கேயும் லைன்தான். வெள்ளைக்காரன் அதற்கு என்ன அர்த்தம் வைத்தானோ தெரியாது. மெர்சிக்குத் தெரிந்த அர்த்தம், வாயை மூடிக்கொண்டு இருந்த இடத்தில் இரு.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் கை தூக்க வேண்டும். சூப்பர்வைசர் மனசு வைத்து ரிலீவரை அனுப்பி, அவள் வந்து இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்கலாம். ஒவ்வொரு இடத்திலும் பெல்ட்டை நிறுத்த ஒரு சிவப்பு சுவிட்ச் உண்டு. அது மிஷினுக்கு ஏதாவது ஆனால் மட்டும். மனுஷிக்கு ஆனால் தொடக்கூடாது.

அன்றைக்குப் பக்கத்து இடத்துப் பூமிகா, நிறைமாதக்காரி, கை தூக்கினாள். ரிலீவர் ஜெனிபர் சும்மாதான் நின்றாள். சூப்பர்வைசர் ஆதிகேசவன் பார்த்தும் பாராதவர் போல யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பூமிகா கையை இறக்கினாள், மறுபடி தூக்கினாள். அவள் கண்ணில் நீர் கட்டிவிட்டது.

மெர்சியை அடுத்த மாதம் பர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு. அதற்காகவே எத்தனையோ விழுங்கியிருந்தாள். இதை விழுங்க முடியவில்லை. சிவப்பு சுவிட்சை அழுத்தி, கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

ஆதிகேசவன் ஓடி வந்தார். "மிஷின்ல இன்னா ஃபால்ட்டு?"

"மிஷினு நல்லாத்தான் கீது சார். பூமிகா பாத்ரூம் போவணும்."

"அதுக்கு லைன நிறுத்துவியா? நாளைலேந்து நீ வர வேணாம். எழுந்து போ."

மெர்சிக்குப் பயம்தான். ஆனால் கோபம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"போறேன் சார். ரிலீவர அனுப்புங்க. ரிலீவர் வராம எழுந்துக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லிக்கினு இருப்பீங்க."

அவர் ஜெனிபரைப் பார்த்து, மெர்சி இடத்துக்கு வரும்படி விரலை ஆட்டினார். அந்தப் பெண் பூமிகாவின் பக்கமாக நடந்தாள்.

"பூமிகா எடத்துல உக்காரறேன் சார். மெர்சிக்கா எடத்துல உக்கார மாட்டேன்."

சொன்னபடி பூமிகாவை எழுப்பி அனுப்பிவிட்டு உட்கார்ந்தும்விட்டாள். ஆதிகேசவனின் போன் அடித்தது. லைன் ஏன் நிற்கிறது என்று மேலிடம்.

"சுவிட்ச உடு," என்றார், குரல் இறங்கி.

"நாளிக்கி எனக்கு வேலை கீதா, இல்லியா? அத்த சொல்லுங்க, உடறேன்."

"கீது, கீது. உடு."

விட்டாள். பெல்ட் நகர்ந்தது. அந்தக் கோடியில் ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு லைன் நெடுகக் கைகள்.

பர்மனென்ட் மெர்சிக்கு அடுத்த மாதம் கிடைக்கவில்லை, இன்றுவரை கிடைக்கவில்லை. அவள் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அந்த வரிசையில் எவள் கை தூக்கினாலும், ஆதிகேசவன் முதலில் மெர்சியின் கை எங்கே இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்.